ஸ்கேல் மாடலுக்குப் பெயிண்ட் செட் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் கிட்டை ஒட்டி முடிப்பது பெரிய வேலையே இல்லை. தாளில் உள்ள படத்தைப் பார்த்து, பாகங்களை வெட்டி, சீவி, ஒட்டினால் விமானமோ டாங்கியோ கையில் வந்துவிடும். பெயிண்ட் வாங்கப் போகும்போதுதான் தலை சுற்றும். ஒரே பச்சைக்குப் பத்துப் புட்டி, பத்துப் பெயர், பத்து எண். பக்கத்திலேயே எட்டு நிறம், பதினாறு நிறம் என்று அழகான அட்டைப் பெட்டிகளில் செட்டுகள். இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதன்முதலாக வாங்கப் போகிறேன். செட்டாக வாங்குவதா, தனித்தனிப் புட்டிகளாகவா?

முதலில் எந்த மாடல் செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பெயிண்ட் அப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துதான் பெரும்பாலானவர்கள் பணத்தை விடுகிறார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று பதினாறு நிறப் பெட்டி ஒன்றை வாங்கி வைப்பார்கள். அப்புறம் ஷெர்மன் டாங்கி கிட் வாங்குவார்கள். அந்தப் பெட்டியில் அதற்கு வேண்டிய ஆலிவ் டிராப் என்ற மங்கிய பச்சை தவிர எல்லாம் இருக்கும்.

கிட்டைத் திறந்து தாளை எடுங்கள். அதில் கேட்கப்பட்டிருக்கும் நிறங்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு கடையில் உள்ள செட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி அந்தப் பெட்டிக்குள் இருந்தால் செட்டே லாபம். பாதிக்குக் கீழே என்றால் தனிப் புட்டிகள்தான் சரி. விலையை ஒப்பிடும்போது புட்டியின் எண்ணிக்கையைப் பார்க்காமல் மில்லி கணக்கைப் பாருங்கள். கம்பெனிவாரியாகச் சொன்னால், டாமியா சின்னப் புட்டி 10 மில்லி, பெரியது 23 மில்லி. மிஸ்டர் கலர் 10 மில்லி. ஹம்ப்ரோல் டப்பா 14 மில்லி. வயேகோ சொட்டுப் புட்டி 17 அல்லது 18 மில்லி. "எட்டுப் புட்டி செட்" என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியிலும் அர்த்தம் வேறு.

ஏர்ஃபிக்ஸின் 1/72 ஸ்பிட்ஃபயர் கையில் இருக்கிறது. உண்மையில் எத்தனை நிறம் வேண்டும்?

நல்ல உதாரணம். 1940 கோடையில் பிரிட்டன் வானில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானம் என்று வைத்துக்கொள்வோம். மேல்பக்கம் டார்க் எர்த் என்ற மண்பழுப்பும் டார்க் கிரீனும். அடிப்பக்கம் ஸ்கை என்ற வெளிர் பச்சை கலந்த நிறம். இது 1940 ஜூனில் வந்த மாற்றம். விமானி உட்காரும் இடத்துக்குச் சாம்பல் பச்சை. இந்த நான்குதான் முதுகெலும்பு. ஹம்ப்ரோல் எண்ணில் சொன்னால் 29, 30, 90, 78. இதோடு கறுப்பு, காற்றாடி நுனிக்கு மஞ்சள், புகைபோக்கிக்கு ஒரு உலோக நிறம். மொத்தம் ஏழு.

எவ்வளவு பெயிண்ட் செலவாகும் என்பதையும் பாருங்கள். 1/72 என்றால் அசலில் 72-ல் ஒரு பங்கு; இந்த அளவில் ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 15 சென்டிமீட்டர் சொச்சம்தான். பிரஷ்ஷால் மூன்று கை அடித்தாலும் ஒரு நிறத்துக்கு இரண்டு மில்லி தாண்டாது. 14 மில்லி டப்பா ஒன்றில் இதுபோல ஒரு படைப்பிரிவையே முடித்துவிடலாம். அதனால் "போதுமா" என்ற பயத்தில் பெரிய செட் வாங்க வேண்டியதில்லை.

இந்த விமானத்தைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-வது படைப்பிரிவும், டிஃபையன்ட் என்ற போர் விமானம் ஓட்டிய 264-வது படைப்பிரிவும் "மதராஸ் மாகாணம்" என்ற பெயரைத் தாங்கியவை. 234-ன் விமானங்களில் ஏஇசட் என்ற எழுத்துகள் இருக்கும். முதல் மாடலுக்கு எந்த விமானத்தைச் செய்வது என்று யோசிக்கிற நம்மூர்க்காரர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. நிறங்கள் நான் மேலே சொன்ன அதே ஏழுதான்.

அக்ரிலிக், எனாமல், லாக்கர் என்கிறார்களே, என்ன வித்தியாசம்? எதை எடுப்பது?

எதில் கரைகிறது, எவ்வளவு நேரத்தில் காய்கிறது, என்ன வாசனை வருகிறது: இந்த மூன்றில்தான் வித்தியாசம்.

எனாமல் என்றால் ஹம்ப்ரோல், ரெவெல் போன்றவற்றின் சின்னத் தகர டப்பாக்கள். மெதுவாகக் காயும், அடுத்த கை அடிக்க ஒரு நாள் விடுவது நல்லது. அந்த மெதுவே ஒரு வசதி. பிரஷ் தடம் தானாகப் படிந்து மறைந்துவிடும். வெள்ளை ஸ்பிரிட்டிலோ மினரல் டர்பன்டைனிலோ கரையும்.

லாக்கர் என்றால் ஜப்பானின் மிஸ்டர் கலர், டாமியாவின் எல்பி வரிசை. நிமிடங்களில் காயும், கல் மாதிரி பிடிக்கும், காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் வெண்ணெய் போல் போகும். நெடி கடுமை. ஜன்னல் இல்லாத அறையில் இதைத் தொடாதீர்கள்.

அக்ரிலிக் என்ற ஒரே பெயரில் இரண்டு ஜாதி இருப்பதுதான் குழப்பம். டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசையும் மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையும் ஆல்கஹால் கலந்தவை. ஸ்பெயினின் வயேகோ, ஏகே இன்டராக்டிவின் தேர்ட் ஜெனரேஷன், வார்கேம் ஆடுபவர்கள் வாங்கும் சிட்டடெல் ஆகியவை தண்ணீரில் கரைபவை. லேபிளில் எல்லாவற்றுக்கும் அக்ரிலிக் என்றே இருக்கும். ஆனால் ஒன்றை மெலிதாக்கும் தின்னர் மற்றதற்கு ஒத்து வராது.

வீட்டுக்குள் பிரஷ்ஷால் அடிக்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் அக்ரிலிக்கில் தொடங்குங்கள். பால்கனி இருக்கிறது, பொறுமை இருக்கிறது என்றால் எனாமலும் அருமையான ஆசிரியர்.

பிரஷ்ஷுக்கு ஒரு செட், ஏர்பிரஷ்ஷுக்கு ஒரு செட் என்று தனித்தனியாக உண்டா?

உண்டு. இதைக் கவனிக்காமல் வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வயேகோவில் மாடல் கலர் என்பது பிரஷ்ஷுக்கான கெட்டிப் பெயிண்ட். மாடல் ஏர் என்பது ஏர்பிரஷ்ஷுக்காக மெலிதாக்கப்பட்டது. எண்ணைப் பார்த்தாலே தெரியும்: 70-ல் தொடங்கினால் மாடல் கலர், 71-ல் தொடங்கினால் மாடல் ஏர். பெட்டியின் அட்டைப் படம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மாடல் ஏர் செட்டை வாங்கி பிரஷ்ஷால் அடித்தால் பாதகமில்லை, ஆனால் நிறம் மூட நான்கைந்து கை ஆகும்.

டாமியா அக்ரிலிக்கின் கதை நேரெதிர். ஏர்பிரஷ்ஷில் அதைவிட நல்ல பிள்ளை கிடையாது. அதற்கான எக்ஸ்-20ஏ தின்னரைச் சரிக்குச் சரி கலந்து, பால் பதத்துக்குக் கொண்டு வந்து அடித்தால் மாவு தூவியது போல் சீராக விழும். அதையே பிரஷ்ஷால் ஒரு இறக்கை முழுவதும் அடித்துப் பாருங்கள். முதல் கை காய்ந்துவிட்டதே என்று இரண்டாவது கை போடுவீர்கள். அது அடியில் இருப்பதைக் கரைத்து இழுத்து, திட்டுத் திட்டாக ஆக்கிவிடும். காயும் வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டர் சில சொட்டு கலந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஏர்பிரஷ் இல்லாதவர் டாமியா அக்ரிலிக் செட் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

கிட் தாளில் ஒரு கம்பெனியின் எண் இருக்கிறது. கடையில் இருப்பது வேறு கம்பெனி. என்ன செய்வது?

ஒவ்வொரு கிட் கம்பெனியும் தனக்குப் பிடித்த பெயிண்டின் எண்ணைத்தான் போடும். ஏர்ஃபிக்ஸ் தாளில் ஹம்ப்ரோல் எண்கள். டாமியா தாளில் டாமியா எண்கள். ஹாசெகாவா தாளில் மிஸ்டர் கலர், அக்வியஸ் இரண்டின் எண்களும். ரெவெல் தாள் கொஞ்சம் சோதிக்கும்: ஏ, பி, சி என்று எழுத்துகள் போட்டு, சில இடங்களில் இந்த எண்ணில் 75 சதவீதம், அந்த எண்ணில் 25 சதவீதம் கலக்கச் சொல்லும்.

பெயிண்ட் எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறத்தின் உண்மையான பெயரைப் பிடியுங்கள். அதுதான் எல்லாக் கடையிலும் செல்லுபடியாகும் நாணயம். ஜெர்மன் விமானம் என்றால் அந்நாட்டு விமான அமைச்சகத்தின் ஆர்எல்எம் எண், ஜெர்மன் டாங்கி என்றால் ரால் என்ற ஜெர்மன் நிறப்பட்டியலின் எண், பிரிட்டிஷ் என்றால் டார்க் எர்த், ஓஷன் கிரே போன்ற பெயர்கள், அமெரிக்கா என்றால் அந்நாட்டு அரசின் தரப்பட்டியலில் உள்ள எஃப்எஸ் எண்.

எஃப்எஸ் எண்ணை வாசிக்கக் கற்றுக்கொண்டால் அது பெயிண்டைப் பற்றி நிறையச் சொல்லும். ஐந்து இலக்கம். முதல் இலக்கம் பளபளப்பு: 1 என்றால் கிளாஸ், 2 என்றால் அரைப்பளபளப்பு, 3 என்றால் மேட், அதாவது பளபளப்பே இல்லாதது. இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். எஃப்-16 விமானத்தின் வழக்கமான மூன்று சாம்பல்கள் 36118, 36270, 36375. மூன்றுமே 36 என்று தொடங்குவதைப் பாருங்கள்: மூன்றும் மேட், மூன்றும் சாம்பல். இந்தத் தரப்பட்டியலை 2017-ல் அமெரிக்க அரசு கைவிட்டு, எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் பட்டியலுக்கு மாறிவிட்டது. ஆனால் பெயிண்ட் புட்டிகளில் பழைய எண்களே இன்னும் ஓடுகின்றன.

"ஜெர்மன் விமானங்கள்" என்று போட்ட செட் வாங்கினால் எல்லா ஜெர்மன் விமானத்துக்கும் ஆகுமா?

பெட்டியின் பெயரை நம்பாதீர்கள், ஆண்டைப் பாருங்கள். போர்க்கால நிறங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறியவை.

மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் பிரிட்டன் மேல் பறந்த ஈ ரகத்துக்கு ஆர்எல்எம் 02, 71, அடியில் 65 வேண்டும். 1943-ன் ஜி ரகத்துக்கு 74, 75, 76 வேண்டும். இரண்டும் ஒரே விமானத்தின் ரகங்கள், ஆனால் வெளிப்பூச்சின் இந்த முக்கிய நிறங்களில் ஒரு புட்டிகூடப் பொதுவில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்த செட்டில் பாதி உங்களுக்கு உதவும், பாதி அலமாரியில் உறங்கும். ஈ ரகம் ஒன்று, ஜி ரகம் ஒன்று என்று இரண்டுமே செய்வதாக இருந்தால் அதே செட் அருமையான பேரம்.

டாங்கியிலும் இப்படித்தான். ஜெர்மன் டாங்கிகளின் அடிப்படை நிறம் 1943 பிப்ரவரியில் கருஞ்சாம்பலிலிருந்து, அதாவது ரால் 7021-லிருந்து, டுங்கெல்கெல்ப் என்ற அடர்மஞ்சளுக்கு மாறியது. அதன் மேல் செம்பழுப்பும் ஆலிவ் பச்சையும் தீட்டுவார்கள். 1941-ல் ரஷ்யாவுக்குள் போன டாங்கிக்கு மூன்று வண்ணச் செட் எதற்கு? சாம்பல் ஒரு புட்டி போதும்.

இன்னொரு வகைச் செட்டைப் பற்றியும் எச்சரிக்கிறேன். "மாடுலேஷன் செட்" என்று போட்டிருக்கும். ஆறு புட்டி இருக்கும். திறந்து பார்த்தால் ஆறுமே மஞ்சள். ஒரே நிறத்தை அடியில் இருட்டாகவும் மேலே வெளிச்சமாகவும் ஏற்றி, டாங்கியின் வடிவத்தை எடுத்துக்காட்டும் முறைக்கானது அது. அந்த வேலைக்கு மிக நல்லது. ஆனால் ஆறு வெவ்வேறு நிறம் கிடைக்கும் என்று நினைத்து வாங்கியவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே பெயருள்ள நிறம் இரண்டு கம்பெனியில் இரண்டு மாதிரி இருக்கிறதே. எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே சரி. உண்மையான டாங்கியின் ஆலிவ் டிராப்பே தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை கொஞ்சம் மாறும்; வெயிலிலும் மழையிலும் ஆறு மாதம் நின்றால் இன்னும் மாறும். அதோடு சின்ன மாடலில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் அசலைவிட இருட்டாகத் தெரியும். தூரத்தில் இருக்கும் பொருள் வெளுத்துத் தெரிவது போலவே மாடலும் தெரிய வேண்டும் என்று சில கம்பெனிகள் நிறத்தை முன்கூட்டியே ஒரு படி வெளுத்துக் கொடுக்கின்றன. சில கொடுப்பதில்லை.

திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் செய்வது இது: வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். புதுப் புட்டி வந்ததும் ஒரு ஸ்பூனின் முதுகில் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் அந்த நிறத்தைப் பூசி, காம்பில் பெயரும் எண்ணும் எழுதிவிடுவேன். முதுகு வளைந்திருப்பதால் விமானத்தின் உடலில் வெளிச்சம் எப்படி விழுமோ அப்படியே விழும். இப்போது என்னிடம் ஒரு டப்பா நிறைய ஸ்பூன்கள் இருக்கின்றன. ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தால் எந்தப் பச்சை எதோடு சேரும் என்று கண்ணே சொல்லிவிடும்.

செட்டில் இல்லாதது என்னென்ன?

இதற்குத்தான் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலான செட்டுகளில் நிறங்கள் மட்டுமே இருக்கும். தின்னர் இருக்காது, பிரைமர் இருக்காது, டீக்கால் என்ற சின்ன ஒட்டுப்படங்களை ஒட்டுவதற்கு முன் அடிக்கும் கிளாஸ் வார்னிஷும் கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷும் இருக்காது.

பிரைமரைத் தவிர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தவிர்க்காதீர்கள், அதுவும் தண்ணீர் அக்ரிலிக்குக்கு. வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அது பிடிக்கவே பிடிக்காது. மறைப்பு டேப் ஒட்டி எடுத்தால் தோலாக உரிந்து வரும். பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். மிஸ்டர் சர்ஃபேசர் 1000 அல்லது 1200 எண் ஸ்ப்ரே, அல்லது டாமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர், இரண்டும் பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிக்கும். தண்ணீர் பிரைமர்களும் உண்டு. நெடி இல்லை, ஆனால் உப்புத்தாள் போட்டால் ரப்பர் மாதிரி சுருண்டு வரும்.

வரவுசெலவுக்கு என் கணக்கு: நூறு ரூபாய் இருந்தால் அறுபதை நிறங்களுக்கும் நாற்பதைத் தின்னர், பிரைமர், வார்னிஷுக்கும் வையுங்கள்.

வேறு வேறு கம்பெனிப் பெயிண்டை ஒன்றாகக் கலக்கலாமா?

புட்டிக்குள் கலப்பது வேறு, ஒன்றின் மேல் ஒன்று அடிப்பது வேறு.

கலப்பதைப் பொறுத்தவரை, டாமியா அக்ரிலிக்கும் மிஸ்டர் ஹாபி அக்வியஸும் சேரும். டாமியா அக்ரிலிக்கை மிஸ்டர் லெவலிங் தின்னர் என்ற லாக்கர் தின்னரில் கரைத்தால் இன்னும் வழவழப்பாக வரும். பலரும் அப்படித்தான் அடிக்கிறார்கள். ஆனால் வயேகோவை ஆல்கஹாலோடு சேர்க்கவே கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஏர்பிரஷ் வாங்கிய புதிதில் எல்லா அக்ரிலிக்கும் ஒன்றுதான் என்று நினைத்து, கிண்ணத்தில் வயேகோ நீலம் பத்துச் சொட்டு விட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றிக் கலக்கினேன். குச்சியைச் சுற்றி இரண்டு சுற்று வந்ததுமே திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. நீலப் பிசிர் ஒருபக்கம், கலங்கல் தண்ணீர் ஒருபக்கம். அந்தப் பிசிர் ஏர்பிரஷ்ஷின் மூக்குக்குள் போய் அடைத்து, ஊசியைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஒன்றின் மேல் ஒன்று அடிக்க வரிசை இதுதான்: அடியில் லாக்கர், நடுவில் அக்ரிலிக், மேலே எனாமல். கடுமையான கரைப்பான் கீழே, சாதுவானது மேலே. எனாமலின் மேல் லாக்கரை அடித்தால் அடியில் இருப்பது சுருங்கிப் போகும். கோடுகளில் ஓடவிடும் நீர்த்த இருட்டுப் பெயிண்டான வாஷ் பெரும்பாலும் எனாமலாக இருப்பதும் இதனால்தான்: அடியில் இருக்கும் அக்ரிலிக்கைத் தொடாமல் வாஷை மட்டும் துடைத்தெடுக்கலாம்.

தெருமுனை ஸ்டேஷனரிக் கடை பெயிண்ட், ஹார்டுவேர் கடைத் தின்னர் ஆகாதா?

போஸ்டர் கலர் ஆகாது. காகிதத்துக்கானது, பிளாஸ்டிக்கில் காய்ந்ததும் பொடியாக உதிரும். துணிக்கும் கைவினைக்கும் வரும் அக்ரிலிக், பிரைமர் மேல் ஒட்டும். ஆனால் நிறத்துகள் பெரிது, பூச்சு தடித்து நுண்ணிய கோடுகளை மூடிவிடும். மாடலைச் சுற்றி அமைக்கும் காட்சியான டயோராமாவில் மண், சுவர், மரக்கட்டைக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்; அங்கே விலை உயர்ந்த புட்டியை வீணாக்க வேண்டாம்.

ஹார்டுவேர் கடையின் என்.சி. தின்னர் ஏர்பிரஷ் கழுவ மிக நல்லது, விலையும் மலிவு. ஆனால் மாடல் மேல் ஒரு சொட்டு பட்டாலும் பிளாஸ்டிக் இளகிவிடும், பெயிண்டில் கலக்காதீர்கள். டர்பன்டைன் எனாமல் பிரஷ்களைக் கழுவ உதவும்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வருகிறார். அவரிடம் சொல்லி வாங்கலாமா?

தண்ணீர் அக்ரிலிக் செட் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். பெட்டியில் வைத்துச் செக்-இன் லக்கேஜில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு புட்டியின் மூடியிலும் டேப் சுற்றி, மொத்தத்தையும் ஒரு ஜிப் கவருக்குள் வைக்கச் சொல்லுங்கள். துணிமணியெல்லாம் நிறமாகி வந்தால் அண்ணி உங்களை மன்னிக்க மாட்டார்.

லாக்கர், எனாமல், அவற்றின் தின்னர், ஸ்ப்ரே கேன் எதையும் கேட்காதீர்கள். அவை தீப்பற்றும் பொருட்கள். கையில் எடுத்துச் செல்லும் பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. டாமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் இருப்பதால் அதுவும் இந்த வம்பில் மாட்டும். வெளிநாட்டு இணையக் கடைகள் சில வகைப் பெயிண்டை நம் முகவரிக்கு அனுப்ப மறுப்பதற்கும் இதே விதிதான் காரணம். உள்ளூரில் இருப்பு வைத்திருக்கும் கடையில் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் இவற்றுக்கு வழி. இதனாலேயே "எந்தக் கம்பெனி உசத்தி" என்பதைவிட "எந்தக் கம்பெனிப் புட்டி தீர்ந்தால் அடுத்த வாரமே மறுபடி கிடைக்கும்" என்று பார்த்து ஒரு வரிசையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். அரை இறக்கை அடித்து முடித்த நிலையில் நிறம் தீர்ந்து மூன்று மாதம் காத்திருப்பது கொடுமை.

ஸ்ப்ரே கேனிலேயே முடித்துவிட முடியாதா?

ஒரே நிறக் கார், ஒரே நிறக் கப்பல் அடிப்பாகம் என்றால் முடியும், அழகாகவும் வரும். டாமியா கேன் வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். டிஎஸ் என்பது சாதாரணப் பிளாஸ்டிக் கிட்டுக்கு. ஏஎஸ் என்பது விமான நிறங்கள். பிஎஸ் என்பது ரிமோட் காரின் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் கூட்டுக்கு மட்டும். மாற்றி அடித்தால் ஒன்று பிளாஸ்டிக் கெடும், இல்லையென்றால் பெயிண்ட் செதில் செதிலாக விழும்.

கன்டாம் ரோபோக்களுக்கும் இதே பெயிண்ட்தானா?

அதே பெயிண்ட்தான். ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் இந்த ரோபோக்களின் கிட்டில் பாகங்களே நிறத்தோடு வருவதால் முழுச் செட் தேவைப்படாது. மார்க்கர் பேனா செட் ஒன்றும், கடைசியில் மேட் வார்னிஷும் இருந்தால் முகமே மாறிவிடும். ஒரு எச்சரிக்கை: மூட்டுப் பாகங்கள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் டாமியாவின் பேனல் லைன் ஆக்சென்ட் போன்ற எனாமல் வாஷை நேரடியாக விடாதீர்கள். இழுவிசையில் இருக்கும் மூட்டுக்குள் அந்தத் தின்னர் ஊறினால் பாகம் விரிசல் விட்டு உடையும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். நெடி ஆபத்தா?

லாக்கர், எனாமல் ஆவி நல்லதல்ல; இதில் சமாதானம் சொல்ல மாட்டேன். சாதாரண என்95 முகக்கவசம் தூளைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. கரிமப் பொருள் ஆவிக்கான கார்ட்ரிஜ் மாட்டும் அரை முகக்கவசம் வேண்டும். காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தண்ணீர் அக்ரிலிக் செட்டோடு நில்லுங்கள். ஏர்பிரஷ்ஷில் அடிப்பதாக இருந்தால் அதற்கும் முகக்கவசம் போடுங்கள். தண்ணீர்ப் பெயிண்டின் தூசும் நுரையீரலுக்கு வேண்டாத விருந்தாளிதான்.

கடற்கரை ஊரில் இருக்கிறேன். புழுக்கம் பெயிண்டைப் பாதிக்குமா?

லாக்கரைப் பாதிக்கும். அது வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படியும். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் பொறுமை இல்லாமல் கறுப்புக் கார் ஒன்றுக்கு கிளியர் லாக்கர் அடித்தேன். கண் எதிரே பனி மூடிய கண்ணாடி மாதிரி வெளுத்துப் போனது. தூக்கிப் போடாமல் வைத்திருந்து, வெயில் அடித்த ஒரு நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய படலமாக அடித்தேன். வெண்மை கரைந்து கறுப்பு மறுபடி எழுந்து வந்தது. மழைக்காலத்தில் கிளாஸ் வேலையைத் தள்ளி வையுங்கள்; சின்னப் பாகங்களைப் பிரஷ்ஷால் முடிக்கும் பருவம் அது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? எத்தனை வருடம் கெடாமல் இருக்கும்?

புட்டியைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே திரவம் தளும்ப வேண்டும். ஒலியே இல்லாமல் கனமாக இருந்தால் அடியில் இறுகிவிட்டது. செட் பெட்டியின் மூலைகள் வெளுத்திருந்தால் கடைக்காரரின் ஜன்னல் வெயிலில் நாள் கணக்கில் இருந்திருக்கிறது.

நன்றாக மூடிய எனாமல் டப்பா பத்து இருபது வருடம் கழித்தும் உயிரோடு இருக்கும். லாக்கர் இறுகினால் அதன் தின்னரை விட்டு ஒரு நாள் ஊறவைத்தால் மீண்டுவிடும். தண்ணீர் அக்ரிலிக் ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான். மூடுவதற்கு முன் புட்டியின் வாயைத் துணியால் துடைக்கும் பழக்கம் ஒன்று போதும், ஆயுள் இரட்டிப்பாகும். துடைக்க மறந்து மூடி ஒட்டிக்கொண்டால் மூடியை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிடம் பிடியுங்கள்.

பத்து வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக எது வாங்கித் தரலாம்?

கிட்டோடு சின்னக் கிண்ணங்களில் அக்ரிலிக் பெயிண்ட், பிரஷ், பசை எல்லாம் சேர்ந்து வரும் ஸ்டார்ட்டர் செட் வாங்குங்கள். ஏர்ஃபிக்ஸில் இவை நிறைய உண்டு. பெயிண்ட் கொஞ்சம்தான் இருக்கும், அந்த மாடலுக்குப் போதும். அந்தப் பிரஷ் மட்டும் சுமாராக இருக்கும். நல்ல செயற்கை இழைப் பிரஷ் இரண்டு, 0 எண்ணிலும் 2 எண்ணிலும், கூடுதலாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு கிண்ணத்தைத் திறந்து காயவில்லையா என்று பாருங்கள். அப்புறம் மேசைமேல் பழைய செய்தித்தாள் விரித்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பிட்ஃபயர் என்றால் அடிப்பக்க ஸ்கை நிறத்தை மட்டும் நீங்கள் அடியுங்கள். மேல்பக்கத்துப் பச்சையும் பழுப்பும் அவனுக்கு.